வீட்டுக்குப் பின்னால் புது 'நகர்' வருகிறதா?

கடைத்தெருவுக்குப் போய்க் கறிகாய் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நம் கையில் இரண்டு நோட்டீஸாவது திணித்து விடுகிறார்கள். பஸ் நிலையத்திலிருந்து ஐந்தே நிமிடம், தேன் போன்ற குடிநீர், சுலபத் தவணை, முந்துகிறவர்களுக்குத் தங்கக் காசு! நேற்று வரை நெல்லும் கத்திரிக்காயும் விளைந்த நிலத்துக்கு இன்று ஏதோ ஒரு 'நகர்' என்று பெயர். வண்ணக் கொடிகளும் வளைவும் முளைத்து விடுகின்றன.

மனை வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எத்தனையோ பேர் எழுதி விட்டார்கள். அந்த 'நகர்' வரப் போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே ஏற்கெனவே குடியிருக்கிறோமே, நாம் என்ன செய்வது? நம் தெருவில் மழைத் தண்ணீர் நின்றால், கிணறு கெட்டால், குழந்தை விளையாட இடமில்லாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால் பதில் வருமா? இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இது ஆண்கள் பார்த்துக்கொள்ளும் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். தண்ணீர் நின்றால் வாளியும் துடைப்பமும் எடுப்பது நாம்தானே!

எங்கள் தெரு, ஊரின் ஓரத்தில் இருக்கிறது. பின்பக்கம் 8 ஏக்கர் வயல். போன வருஷம் அதில் அளவுக்கல் நட ஆரம்பித்ததும் தெருவில் ஒரே அமளி. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "விடவே கூடாது, கோர்ட்டுக்குப் போகணும்" என்றார் ஒருவர். "நமக்கெதுக்கு வம்பு, வர்றவங்க வரட்டும்" என்றார் இன்னொருவர். நாலாவது வீட்டு டீச்சரம்மா மட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "சும்மா 'எதிர்க்கிறோம்'னு எழுதினா 'பரிசீலிக்கப்படும்'னு ஒரு வரியில பதில் வரும். கணக்குப் போட்டு, கேள்வியா எழுதுவோம். கேள்விக்குப் பதில் சொல்லித்தானே ஆகணும்?" என்றார்.

அப்புறம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

அடுக்களைக் கணக்கு

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. 8 ஏக்கருக்கு 3,48,480. அதில் ரோடுகளுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போகும். பூங்காவுக்கென்று ஒதுக்குவதையும் கழித்தால், அரை கிரவுண்டு மனைகளாகச் சுமார் 180 தேறும். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தாலும் 720 பேர்.

நகரங்களில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துத்தான் குடிநீர்த் திட்டங்களை வகுக்கிறார்கள். அப்படியானால் இந்த 720 பேருக்குத் தினமும் 97,000 லிட்டருக்கு மேல் வேண்டும். பெரிய டாங்கர் லாரியில் எட்டு லாரி! எங்கள் தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வருகிறது. அந்த எட்டு லாரித் தண்ணீரை எந்தப் பூமியிலிருந்து இறைக்கப் போகிறார்கள்?

உபயோகித்த தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு கழிவாக வெளியே வரும். அதாவது தினமும் 78,000 லிட்டர் சாக்கடை. ஊருக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. அத்தனையும் செப்டிக் டாங்கிலும் உறிஞ்சு குழியிலும்தான் இறங்க வேண்டும். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர், அதாவது 60 அடி இடைவெளி வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அரை கிரவுண்டு மனையில், ஒரு பக்கம் போர், மறு பக்கம் செப்டிக் டாங்க் என்று போட்டால் அந்த 60 அடிக்கு எங்கே போவது? நம் வீட்டில் சரியாக வைத்திருந்தாலும், மதில் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் குழி இருக்குமே! கைக்குழந்தைக்குப் பால் கலக்கும் தண்ணீர் அது என்பதை நினைத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

மூன்றாவது கணக்கு, மழை. ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த 8 ஏக்கரில் மட்டும் 32 லட்சம் லிட்டர் விழும். வயலாக இருந்தவரை வரப்பு அதைத் தடுத்து நிறுத்தி வைத்தது. பாதி மண்ணுக்குள் இறங்கிற்று, மீதி வாய்க்கால் வழியாக நிதானமாய் ஏரிக்குப் போயிற்று. இனிமேல் சிமெண்டும் தாருமாக இருக்கும். மண்ணைக் கொட்டி நாலடி மேடாக்கி விடுவார்கள். அந்த 32 லட்சம் லிட்டரும் பள்ளம் பார்த்துத்தானே ஓடும்? பள்ளம் எங்கள் தெரு!

டெங்கு கொசுவைப் பற்றி நம் பத்திரிகையில் பல தடவை படித்திருப்பீர்கள். அது சாக்கடையில் வளர்வதில்லை. தெளிந்த தண்ணீரில் முட்டையிட்டுப் பத்தே நாளில் கொசுவாகப் பறக்கிறது, பகலில் கடிக்கிறது. பாதி கட்டி நிற்கிற வீடுகளின் தொட்டிகளிலும், காலி மனைகளில் கிடக்கிற கொட்டாங்கச்சியிலும் டயரிலும் தேங்கும் மழைத் தண்ணீர் அதற்கு விருந்து. 180 மனையிலும் ஒரே வருஷத்தில் வீடு எழும்பி விடப் போவதில்லை. பத்து வருஷமாவது பாதி காலியாகக் கிடக்கும். அதுவரை அந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருப்பது யார்?

பேரூராட்சி சொன்ன பதில்

இந்தக் கணக்குகளை வைத்து ஏழு கேள்விகளாக ஒரு மனு எழுதி, 63 பேர் கையெழுத்துப் போட்டு, பேரூராட்சி அலுவலகத்துக்குப் பத்து பெண்கள் போனோம். கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் கேட்டு வாங்கிக்கொண்டோம். தலைவியும் செயல் அலுவலரும் உட்கார வைத்துப் பேசினார்கள். அவர்கள் சொன்ன பதில்களில் சிலது கசப்பு, சிலது நியாயம், சிலது தட்டிக் கழிப்பு. நீங்களும் இதே பதில்களைக் கேட்க நேரும் என்பதால் எழுதுகிறேன்.

முதல் பதில்: "மாஸ்டர் பிளானில் இந்த சர்வே எண்கள் குடியிருப்புப் பகுதின்னுதான் இருக்கு. அதனால மனை பிரிக்கவே கூடாதுன்னு சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை."

இது உண்மைதான். மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டத்தின் வரைவை வெளியிடும்போது பொதுமக்கள் ஆட்சேபணையும் ஆலோசனையும் கொடுக்கலாம். விவசாய நிலம் என்று குறித்திருப்பதைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டாலும் பத்திரிகையில் அறிவிப்பு வரும், அப்போதும் ஆட்சேபிக்கலாம். அந்த அறிவிப்புகள் பொடி எழுத்தில் ஒரு மூலையில் வரும். யார் கண்ணிலும் படாது. அந்தக் கட்டம் தாண்டி விட்டால் 'வேண்டவே வேண்டாம்' என்ற வாதம் நிற்காது. 'எப்படி வர வேண்டும்' என்ற வாதம்தான் மிச்சம்.

இரண்டாவது பதில்: "ஏங்க, நீங்க குடி வந்தப்போ உங்க இடமும் வயல்தானே? அப்போ ஊர்க்காரங்க ஒண்ணும் சொல்லலியா?"

செயல் அலுவலர் இதைச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். யாருக்கும் சட்டென்று பேச்சு எழவில்லை. கோடி வீட்டுப் பாட்டிதான் பதில் சொன்னாள். ஊரின் பழைய குடும்பம் அவளுடையது. "சொன்னோம், எங்க பேச்சு எடுபடல. அதனாலதான் இவங்க தெருவுல முழங்கால் தண்ணி நிக்குது. அதுமாதிரி இன்னொரு 180 குடும்பம் முழங்கால் தண்ணியில நிக்க வேணாம்னுதான் வந்திருக்கோம்" என்றாள். அதற்குப் பிறகு அந்த அறையில் பேச்சின் தோரணையே மாறிப் போயிற்று.

உண்மையில் அங்கே மனை வாங்கப் போவது யார்? வாடகை வீட்டில் அல்லாடி, நகையை வைத்து, சேமிப்பைப் போட்டு வருகிற இளம் தம்பதிகள்தானே? நிலத்தை விற்றவரும் விளைச்சல் கட்டுப்படியாகாமல், பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய வேண்டி விற்றவர். இவர்களெல்லாம் நமக்கு எதிரிகளா? இல்லை. வாய்க்காலை அடைத்தால் முதலில் மூழ்குவது அவர்கள் வீடுதான். இதைப் புரிந்துகொண்டு பேசினால் நம் ஆட்சேபணைக்குத் தனி மதிப்பு வருகிறது.

மூன்றாவது பதில்: "அப்ரூவல் கொடுக்கிறது நாங்க இல்லை. நகர் ஊரமைப்பு ஆபீஸைக் கேளுங்க."

இங்கேதான் பலபேர் திரும்பி வந்து விடுகிறார்கள். நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் போனால் "உங்க பஞ்சாயத்தைக் கேளுங்க" என்பார்கள். பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டே இருக்கும், ஆறு மாதம் போய் விடும். ஆகவே யாருக்கு எந்த அதிகாரம் என்பதை நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

யார் கையில் என்ன இருக்கிறது?

1971-ஆம் வருஷத்து தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வும், மற்ற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் மனைப் பிரிவின் வரைபடத்துக்குத் தொழில்நுட்ப அனுமதி தருகின்றன. ரோடு எங்கே, பூங்கா எங்கே என்பது அந்த வரைபடத்தில்தான் முடிவாகும். பிறகு மனை போடுகிறவர், ரோடுகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும். அதன் பின்புதான் பேரூராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ இறுதி ஒப்புதல் தரும்.

ஆக, வரைபடம் ஓரிடத்தில், ஒப்படைப்பும் இறுதி ஒப்புதலும் வேறிடத்தில். உள்ளாட்சிக்கு அதிகாரமே இல்லை என்பது சரியல்ல. தானப் பத்திரத்தை வாங்கிக்கொள்வதற்கு முன், ரோடு ஒழுங்காகப் போட்டிருக்கிறதா, வடிகால் எங்கே கொண்டு போய் விடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது அவர்கள் கடமை. ஒரு தடவை வாங்கிக்கொண்டால், அந்த ரோட்டைப் பராமரிக்கும் செலவு நம் வரிப் பணத்தில்தான்!

வாய்க்கால், ஏரி, குளம் பக்கத்தில் இருந்தால் நீர்வளத் துறையின் கருத்து வேண்டும். புறம்போக்கு எல்லையை அளப்பது தாசில்தாரின் சர்வேயர். மனைகளை விற்பதற்கு முன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளுக்கு இது கட்டாயம். நாங்கள் ஒரே மனுவை நாலு நகல் எடுத்து, நாலு இடத்துக்கும் அனுப்பினோம். ஒவ்வொன்றிலும் 'நகல் இன்னின்னாருக்கு' என்று கீழே எழுதினோம். பந்து உருளுவது பாதி நின்றது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று ஒரு காகிதத்தைக் காட்டி, அங்கீகாரமில்லாத மனைகளை விற்று வந்தார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டது. எத்தனை குடும்பங்கள் விற்கவும் முடியாமல் தவித்தன! 2017-இல் வரன்முறை விதிகள் வந்து, பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள வழி ஏற்பட்டது. ஆனால் ஏரி, குளம், வாய்க்காலில் அமைந்த மனைகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் பக்கத்துக்காரர்கள் ஆரம்பத்திலேயே கேள்வி கேட்பது, வாங்கப் போகிறவர்களுக்கும் செய்கிற உபகாரம்தான்.

காணாமற்போன வாய்க்கால்

எங்கள் மனுவில் உயிரான விஷயம் இதுதான். வயலின் நடுவே ஒரு வாய்க்கால் போகிறது. பார்க்க ஒரு முழம் அகலம்கூட இராது, கோரைப்புல் மண்டிக் கிடக்கும். மனை போடுகிறவரின் ஆட்கள் அதைக் 'கழனித் தண்ணீர் போகிற பள்ளம்' என்றார்கள். கோடி வீட்டுப் பாட்டியோ, "பள்ளமா? நான் கல்யாணமாகி வந்தப்போ இதுலதான் துணி தொவைப்போம். மாடு இறங்கிக் குளிக்கும். ஏரிக்குத் தண்ணி இது வழியாத்தான் போகும்" என்று அடித்துச் சொன்னாள்.

பாட்டியின் ஞாபகத்தை ஆபீஸில் ஏற்றுக்கொள்வார்களா? அதற்குக் காகிதம் வேண்டும். நிலத்தின் சர்வே எண் தெரிந்தால் 'அ' பதிவேட்டின் நகலும் புலப்படமும் அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். டீச்சரம்மாவின் மகள் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தாள். அதில் அந்தப் 'பள்ளத்துக்கு' தனி சர்வே எண் இருந்தது. 'வாய்க்கால் புறம்போக்கு' என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது! படத்தில் அதன் அகலம் ஐந்து மீட்டர்.

பாட்டியின் ஞாபகமும் படமும் ஒத்துப் போனபின், திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளில் போய் மனுக் கொடுத்தோம். ஆறு வாரம் கழித்து சர்வேயர் வந்து அளந்து கல் நட்டார். அளந்த அன்று பாட்டி குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே நின்றிருந்தாள்.

நீர்நிலையைக் காப்பது ஏதோ இப்போது வந்த பேச்சு இல்லை. 2005-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு பற்றிய ஒரு வழக்கில் கண்டிப்பாகத் தீர்ப்புச் சொன்னது. அதன் பின் 2007-இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்தது. சென்னையில் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு ரோடு உண்டு. நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' உண்டு. அங்கே போய் ஏரி எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள்! 1920-களில் தியாகராய நகரை அமைத்தபோது மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் மனை போட்டார்கள். ஏரி போய் விட்டது, பெயர் மட்டும் பலகையில் நிற்கிறது. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் குழந்தை குட்டிகளைப் படகில் ஏற்றியதை நாம் மறக்க முடியுமா?

மூலையில் தள்ளிய பூங்கா

இப்போதுள்ள 2019-ஆம் வருஷத்து வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில் ரோடு போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். அதற்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. எங்கள் பக்கத்து 8 ஏக்கரில் இது சுமார் 24,000 சதுர அடி வரும். பத்து கிரவுண்டு! ஒரு பக்கம் குழந்தைகள் ஓடியாட, ஒரு பக்கம் மரம் வைக்க, பெரியவர்கள் சாயங்காலம் நடக்கத் தாராளமான இடம்.

ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் பூங்கா எங்கே இருந்தது தெரியுமா? மனை போட உதவாத முக்கோண மூலையில் ஒரு துண்டு, வாய்க்கால் ஓரமாக நீளமாய் ஒரு துண்டு. கணக்குக்குப் பத்தில் ஒரு பங்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் மின்கம்பிக்குக் கீழே, பாம்புப் புற்றுக்குப் பக்கத்தில் எந்தத் தாய் குழந்தையை விளையாட விடுவாள்? எங்கள் தெருவில் கைக்குழந்தை வைத்திருக்கிற ஒரு பெண்தான் கேட்டாள்: "மேடம், இந்த இடத்துல உங்க பேரனை விளையாட அனுப்புவீங்களா?" தலைவி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அனுப்ப மாட்டேன்மா" என்றார். அதை அப்படியே மன்றக் கூட்டத்திலும் பேசி, பூங்காவை நடுவே கொண்டுவரும்படி நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு எழுதினார்.

உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் அதன் அருமை தெரிகிறது. பெயருக்கு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வீட்டு ஆண்கள் நிர்வாகம் செய்கிற இடங்களும் உண்டு. நாம் போய் நேரே அந்தப் பெண்ணிடமே பேசினால், அவளுக்கும் தைரியம் வரும்.

பூங்கா என்று ஒதுக்கியதை வேறு காரியத்துக்கு எடுக்க முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள். பெங்களூரில் பூங்காவுக்கென்று விட்ட இடத்தை ஒரு தனியார் நர்ஸிங் ஹோமுக்கு ஒதுக்கியபோது, அந்தப் பேட்டையில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லி விட்டது. 'உங்களுக்கென்ன பாத்தியதை?' என்று குடியிருப்பவர்களைக் கேட்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் நிலைநாட்டப்பட்டது.

கிடைத்தது எது, கிடைக்காதது எது?

வரைபடம் திருத்தி வந்தது. வாய்க்கால் ஐந்து மீட்டர் அகலத்துக்கு விடப்பட்டிருக்கிறது. ரோடு அதைக் கடக்கும் இடத்தில் இரண்டடிக் குழாயைப் புதைப்பதாக இருந்தார்கள். இப்போது அகலமான சிறு பாலம் கட்டுகிறார்கள். பூங்காவின் பெரிய துண்டு நடுவே வந்திருக்கிறது, முக்கோண மூலை மட்டும் அப்படியே நிற்கிறது.

குடிநீர் விஷயத்தில் "புது மேல்நிலைத் தொட்டிக்கு நிதி கேட்டு எழுதியிருக்கிறோம்" என்ற பதிலோடு நிற்கிறது. அது எப்போது வரும் என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். சாக்கடைக்கு வழி இன்னும் சொல்லவில்லை. கூட்டாக ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஏற்பாடு கேட்டிருக்கிறோம், தகவல் இல்லை.

ஒரு கோரிக்கையை நேரடியாகவே மறுத்து விட்டார்கள். புதுக் குடியிருப்பின் ரோட்டை எங்கள் தெருவோடு இணைக்கக் கூடாது, நடுவே சுவர் வைக்க வேண்டும் என்று சிலர் எழுதச் சொல்லியிருந்தார்கள். "தெரு பொதுச்சொத்துங்க. உங்க தெருவுல யாரும் நடக்கக் கூடாதுன்னு சொல்ல முடியாது. நாளைக்கு ஆம்புலன்ஸ் வரணும்னா எந்த வழியா வரும்?" என்றார் செயல் அலுவலர். எனக்கு அந்தப் பதில் சரியென்றே பட்டது. வேகத்தடை மட்டும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்களும் செய்யலாம்

• கல் நடுவதைப் பார்த்ததும் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். 'அ' பதிவேடு, புலப்படம் இரண்டையும் எடுத்து வையுங்கள்.

• தெருவில் மிக வயதானவரைக் கூட்டிக்கொண்டு அந்த நிலத்தை ஒரு தடவை சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று கேட்டு எழுதுங்கள்.

• போன மழையில் தண்ணீர் நின்ற புகைப்படம் செல்போனில் இருக்கும். தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

• மனுவில் கோபம் வேண்டாம், கேள்விகள் இருக்கட்டும். ஒரு கேள்விக்கு ஒரு எண் போடுங்கள். பெறப்பட்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

• பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். வரைபடம், அனுமதி நிபந்தனைகள், தானப் பத்திரம் இவற்றின் நகலைக் கேளுங்கள்.

• கிராம ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையை விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. வாயால் சொல்வதோடு விடாமல், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

• புது வீட்டுக்காரர்கள் வந்ததும் போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். வாய்க்காலைக் காக்க இனிமேல் அவர்களும் கூட நிற்க வேண்டும்.

அனுமதி வந்து விட்டது, வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. கல் நட்ட இடத்தில் ஒரு ராத்திரியில் ஜல்லி கொட்டி விடுவார்கள், பூங்காவில் குப்பை சேரும், வாய்க்காலில் யாராவது குழாயைத் திருப்பி விடுவார்கள். எங்கள் தெருவில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பெண்கள் அந்தப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு வருவதென்று முறை போட்டிருக்கிறோம். அரை மணி நேரம்தான் ஆகிறது. ஐப்பசி மழை வருவதற்குள் அந்தப் பாலத்தடியில் கிடக்கிற மண்ணை அள்ளச் சொல்லி அடுத்த மனு தயாராக இருக்கிறது. உங்கள் ஊரில் எப்படி? எழுதுங்களேன்!